மாற்கு காத்த மௌனம்

நான்கு சுவிசேஷங்களுள் மிகச் சிறியது மாற்கு எழுதியது. 16 அதிகாரங்களே கொண்டது. ஆயினும் அதனுள் அமைந்த புதிரொன்று ஆய்வாளரை நூறாண்டுக்கும் மேலாக அலைக்கழித்து வருகின்றது. மேசியாவை உலகுக்கு அறிவிக்க எழுந்த நூலில், அந்த மேசியாவே தம்மை அறிவிக்க வேண்டாமெனத் தடுக்கின்றார்!

கப்பர்நகூம் ஜெபஆலயத்தில் அசுத்த ஆவி அவர் இன்னாரென்று கூவியதும் வாய்மூடப் பணிக்கின்றார். நலம்பெற்ற குஷ்டரோகியிடமும், மகள் உயிர்பெற்றெழக் கண்ட யவீருவின் வீட்டாரிடமும் எவருக்கும் சொல்லலாகாது என்கின்றார். செசரியா பிலிப்பியில் பேதுரு அவரை மேசியா என்று அறிக்கையிட்ட வேளையிலும் அதே கட்டளைதான்.

1901ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் வில்லியம் விரேடே இதனை 'மேசியா இரகசியம்' எனக் குறித்து நூலொன்று வெளியிட்டார். இயேசு தம் வாழ்நாளில் மேசியாவாக அறியப்படவில்லை. உயிர்த்தெழுதலில் கொண்ட நம்பிக்கைக்குப் பின்னரே சபை அவரை அவ்வாறு போற்றியது. இவ்விரண்டுக்கும் இடையிலான முரணை இணைக்கவே மௌனக் கட்டளைகள் கதையுள் புகுந்தன என்பது அவர்தம் கொள்கை.

கூரிய கொள்கைதான், எனினும் முழு விடையன்று. குஷ்டரோகி சென்றவிடமெல்லாம் செய்தியைப் பரப்புகின்றான். கதரேனர் நாட்டில் பேய் நீங்கியவனையோ, வீட்டாரிடம் போய்ச் சொல்லுமாறு இயேசுவே ஏவுகின்றார். எரிகோவில் குருடன் பர்திமேயு தாவீதின் குமாரன் எனக் கூவியபோது அதட்டியது கூட்டமேயன்றி இயேசு அல்லர். மறைப்பதே நோக்கமெனில் இத்தனை வாயில்கள் திறந்து கிடப்பானேன்?

மறைப்பினும் காலமே இங்கு முதன்மையானது. மேசியா என்றால் அபிஷேகம் பெற்றவர் என்பது பொருள். ரோமரின் ஆட்சியில் நலிந்த மக்கள் பலரின் செவியில் அச்சொல், தாவீதின் அரியணையை மீட்கும் வேந்தன் என்றே ஒலித்தது. பேதுரு சொன்ன சொல் சரி; கொண்ட பொருள் பிழை. பாடுபட்டுச் சாக வேண்டும் என்று இயேசு உரைத்ததும் அவரையே கடிந்துகொள்கின்றான். கடும் கண்டனமும் பெறுகின்றான். இதற்குச் சற்று முன்பே பெத்சாயிதாக் குருடன் இரு படிகளில் பார்வை பெறுகின்றான். முதற்படியில் மனிதர் மரங்களைப்போல் தோன்றினர். இவ்விரு நிகழ்ச்சிகளையும் மாற்கு அடுத்தடுத்து அமைத்தது தற்செயலன்று. பேதுருவின் பார்வையும் பாதிப் பார்வையே.

மறுரூப மலையிலிருந்து இறங்குகையில் மௌனத்திற்கு எல்லை வகுக்கப்படுகின்றது: உயிர்த்தெழும்வரை. ஆனால் வாய்திறப்பு அதற்கும் முன்னரே நிகழ்கின்றது. சீடர் ஓடிப்போயினர், பிடிபட்டுத் தனித்து நிற்கின்றார். அந்நிலையில் பிரதான ஆசாரியன் வினவ, மேசியா தாமே என வெளிப்படையாக ஒப்புகின்றார். படைதிரட்டும் மன்னன் என்று இனி எவரும் மயங்க இயலாது. சிலுவையடியில் நின்ற ரோம நூற்றுக்கு அதிபதியே, இந்நூலில் அவரைத் தேவகுமாரன் என்றுரைத்த முதல் மனிதன்.

4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் இந்நூல், அச்சத்தால் எவரிடமும் பேசாதிருந்த பெண்களோடு முடிகின்றது. பேசாதே என்றபோது பேசினர். பேசு என்றபோது வாயடைத்தனர். முதல் வரியிலேயே இரகசியத்தை அறிந்துகொண்ட வாசகன்முன் எஞ்சி நிற்பது ஒரே வினா: அவன் அறிந்தது பெயரையா, பொருளையா?