வாலா, இறக்கையா? ஒரு பயிற்சிப் படத்தின் நிறையும் குறையும்

விமான இறக்கையில் பனிக்கட்டி படிந்தால் ஆபத்து என்பதைப் பலரும் அறிவர். வாலில் படியும் பனியைப் பற்றி அறிந்தோர் குறைவு. அக்குறையைப் போக்க 1990களின் இறுதியில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் விமானிகளுக்கென ஒரு பயிற்சிப் படம் தயாரித்தது. ‘ட்வின் ஆட்டர்’ விமானத்தில் நடத்திய சோதனைகளே அதற்கு அடிப்படை. இயற்பியல் மாணவரும் பார்க்கத்தக்க படம் இது.

முதலில் நிறையைக் காண்போம். இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது. வாலின் கிடைச்சிறகோ பெரும்பாலும் கீழ்நோக்கி அழுத்தி, மூக்கு சாயாமல் காக்கிறது. தரையிறங்க ஃபிளாப்களை விரிக்கும்போது, இறக்கையைக் கடந்து வரும் காற்று இன்னும் கீழ்நோக்கிச் சாய்ந்து வாலைத் தாக்கும். வாலின் முன்விளிம்பில் பனியும் இருந்தால், அதன் அடிப்புறத்துக் காற்றோட்டம் பிரிந்துவிடும். இதுவே வால் ஸ்டால். அழுத்தும் விசை குன்றியதும் மூக்கு திடீரெனக் கவிழும். கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னே இழுத்து, ஃபிளாப்பை முந்தைய நிலைக்குக் கொண்டுவருவதே மருந்து. இதைப் படம் தெளிவாகக் காட்டுகிறது.

ஆனால், இறக்கை ஸ்டாலுக்கு மருந்து நேர் எதிரானது. தண்டை முன்னே தள்ளி, காற்றை எதிர்கொள்ளும் கோணத்தைக் குறைத்து, எஞ்சின் விசையைக் கூட்ட வேண்டும். 2000 ஜூலை 17 அன்று பாட்னாவில் தரையிறங்க வந்த அலையன்ஸ் ஏர் போயிங் 737 விமானத்தில், இறக்கை ஸ்டாலை உணர்த்தும் கருவி தண்டை உலுக்கி எச்சரித்தது. விமானிகள் ஸ்டாலிலிருந்து மீளும் முறையை விட்டு, மீண்டும் மேலேறும் முறையைக் கையாண்டனர் என்றது விசாரணை. 60 பேர் மாண்டனர்.

2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவில் பஃபலோ அருகே கோல்கன் நிறுவன விமானம் விழுந்தது. தண்டு உலுங்கியதும் தலைமை விமானி அதைப் பின்னே இழுத்தார். துணை விமானி ஃபிளாப்பை மடக்கினார். 50 பேர் இறந்தனர். வால் ஸ்டால் என்று கருதியே இழுத்தாரோ என்ற கேள்வி எழுந்தது. அதற்கு வாய்ப்புக் குறைவு என்றே விசாரணை வாரியம் முடிவு செய்தது. எனினும், வால் ஸ்டாலுக்கு ஆட்படாத விமானங்களின் பயிற்சியில் அதற்கான மீட்பு முறை இடம்பெறலாகாது என 2010இல் பரிந்துரைத்தது.

படத்தின் குறையும் இதுவே. எவ்வகை விமானத்துக்கு இம்மருந்து, எதற்கு ஆகாது என்ற வரம்பை அது போதிய அழுத்தத்துடன் சொல்லவில்லை. அமிர்தியில் மலையைத் தழுவும் மேகத்தில் இப்பனிக்கு இடமில்லை. நம் வட்டாரத்தில் உறைநிலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. பனியில்லா வானிலும் இறக்கை ஸ்டால் நேரும்.

அரிய நோயின் மருந்தைக் கற்பிப்பவர், அது யாருக்கு நஞ்சாகும் என்பதையும் கூடவே கற்பிக்க வேண்டும். மாணவர்கள் இப்படத்தைப் பார்க்கட்டும். தண்டு உலுங்கினால் அது இறக்கையைப் பற்றிய எச்சரிக்கை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டு பார்க்கட்டும்.