மறுக்க முடியாத பிள்ளையின் சம்மதம்

சபைகளின் நூற்றாண்டு விழா மலர்களில் ஒரு வகைக் கட்டுரைக்குப் பஞ்சமே இருப்பதில்லை. சிறு வயதில் அம்மா அதட்டி எழுப்பி ஆலயத்துக்கு அனுப்பினார், அன்று கசந்தது, இன்று அதற்காக நன்றி சொல்கிறேன் என்று ஓய்வுபெற்ற ஆசிரியரோ வங்கி அதிகாரியோ எழுதியிருப்பார். இப்போது இந்த நன்றியே ஒரு வாதமாகிவிட்டது. இளையோர் ஆலயத்தை விட்டு விலகுவதற்குப் பெற்றோர் கண்டிப்பைக் கைவிட்டதே காரணம், ஆகவே பழையபடி பிள்ளைகளைப் பிடித்து இழுத்தாவது வரவேண்டும் என்று பிரசங்கபீடத்திலிருந்தே சொல்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளி ஆண்டுவிழாவில், ஒரு ஞாயிறும் தவறாமல் வந்த பிள்ளைக்கு மேடையில் கொடுக்கப்படும் வருகைப் பரிசும் இந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. இது தவறான நம்பிக்கை என்றே நெடுங்காலமாக நினைத்துவருகிறேன்.

அந்தக் கட்டுரைகள் சொல்லும் நன்மைகள் உண்மையானவை. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி, வாரம் முழுவதும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுத்தது. திருநெல்வேலிச் சீமையிலும் தென் திருவிதாங்கூரிலும் எழுத்து மறுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், வேதத்தை வாசிப்பதற்காகவே எழுத்துக்கூட்டக் கற்றார்கள். கீர்த்தனையில் ராகமும் தாளமும் கிடைத்தன. மனப்பாட வசனம் ஒப்புவித்ததில் மேடைக்கூச்சம் போயிற்று. ஆனால் இவை ஆலயம் தந்தவை, கட்டாயம் தந்தவை அல்ல. விரும்பி வந்த பிள்ளைக்கும் இதே எழுத்தும் இதே பாட்டும் கிடைத்தன. மேலும், மலரில் நன்றி எழுதுகிறவர் சபையில் தங்கியவர். அதே அதட்டலில் வளர்ந்து, வளர்ந்ததும் வெளியேறி, அந்தப் பக்கமே திரும்பாதவரிடம் யாரும் கட்டுரை கேட்பதில்லை. தங்கியவர்களின் சாட்சியை மட்டும் வைத்துக் கட்டாயம் பலன் தந்தது என்று தீர்ப்பு எழுத முடியாது.

என் அடிப்படையான மறுப்பு வேறு. ஆலயம் பிள்ளையிடம் கேட்பது சம்மதம். கட்டாயம் அந்தச் சம்மதத்தையே செல்லாததாக்கிவிடுகிறது.

தென்னிந்தியத் திருச்சபையின் வழக்கத்தையே பார்ப்போம். கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அதன் சார்பில் வாக்குக் கொடுக்கிறார்கள். பதின்வயதில் திடப்படுத்தல் ஆராதனை. ஆயத்த வகுப்புகள் முடிந்து, பிள்ளைகள் வெள்ளை உடையில் பேராயர் முன் நின்று, அவர் கேட்கும் கேள்விகளுக்குச் சபையார் கேட்க விடை சொல்கிறார்கள். அவர் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார். அன்று வேறொருவர் எனக்காகச் சொன்னதை இன்று நானே அறிந்து சொல்கிறேன் என்பதுதான் இந்தச் சடங்கின் உயிர். அந்த ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உடையும் விருந்தும் புகைப்படமும்தான்.

‘இல்லை’ என்று சொல்ல இடமிருந்தால்தான் ‘ஆம்’ என்பதற்கு மதிப்பு. நம் வீடுகளில் அந்த இடம் இருக்கிறதா? வயது வந்ததும் பெயர் பட்டியலில் ஏறிவிடுகிறது. உறவினருக்குச் சொல்லியாகிவிடுகிறது, உடை தைத்தாகிவிடுகிறது. “எனக்கு இன்னும் நிச்சயம் வரவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தத் தயக்கத்தை வீட்டில் யாரும் ஆராய்வதில்லை. அப்பாவுக்குச் சபையில் இருக்கும் மரியாதையும், ஊரார் வாயும், சபைப் போதகரான ஐயர் என்ன நினைப்பார் என்பதும்தான் பேச்சாகின்றன. பிள்ளை பேசாமல் வெள்ளை உடையைப் போட்டுக்கொள்கிறது. தன் வாழ்வில் முதன்முறையாகக் கடவுள் முன் பகிரங்கமாகச் சொல்லும் சொல் உள்ளத்தில் இல்லாத சொல்லாகிவிடுகிறது. அதைச் சொல்லவைத்தது திருச்சபை. இதைவிடப் பெரிய ஆத்தும சேதத்தைச் சந்தேகமோ சினிமாவோ செய்துவிட முடியாது.

இதே ஓய்வுநாள் பள்ளியில் யாருடைய கதைகளைச் சொல்லிக்கொடுக்கிறோம்? 1889இல் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, 1905இல் தம் பதினாறாம் பிறந்தநாளில், வீட்டாரின் எதிர்ப்பை மீறி சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்ற சாது சுந்தர் சிங்கின் கதையைச் சொல்கிறோம். வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் தம் முப்பதுகளின் தொடக்கத்தில் கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையைக் கொண்டாடுகிறோம். பிறந்த வீட்டின் வழிபாட்டைக் கேள்வி கேட்டுத் தாமே முடிவெடுத்தவர்கள் இவர்கள். அந்த உரிமை அவர்களுக்குப் புனிதமானது என்றால், முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்கும் பிள்ளைக்கு மட்டும் அது எப்படிக் கலகமாகும்? அடுத்த வீட்டுப் பிள்ளை தகப்பனின் மதத்தை விட்டு வந்தால் சாட்சி, நம் வீட்டுப் பிள்ளை ஒரு ஞாயிறு வரமாட்டேன் என்றால் பின்மாற்றம் என்பது நேர்மையான அளவுகோல் அல்ல.

பள்ளிக்கூடத்துக்கும் கட்டாயப்படுத்தித்தானே அனுப்புகிறோம் என்பார்கள். கணக்கை வெறுத்துக்கொண்டே கற்றாலும் கணக்கு வரும். நேசிக்காமல் செய்த ஆராதனை ஆராதனையே அல்ல என்று இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகளே கண்டித்தார்கள். கெட்ட குமாரன் உவமையில் தகப்பன் மகனைக் கட்டிப்போடவில்லை. கேட்ட பங்கைக் கொடுத்துப் போகவிட்டான். அந்த உவமையை ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறவர்கள் அந்தத் தகப்பனாக இருக்கத் துணியவில்லை.

சட்டம் இதில் பிள்ளைக்குப் பெரிதாக உதவாது. நம் அரசியலமைப்பின் 28(3)ஆம் பிரிவு, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிலையங்களில் வழிபாட்டுக்குச் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் வயது வராதவருக்காகச் சம்மதிப்பவர் காப்பாளர். ஜெர்மனியில் 1921ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினான்கு வயது நிறைந்த பிள்ளை தன் மதத்தைத் தானே தீர்மானிக்கலாம். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும், பிள்ளையின் வளரும் திறனுக்கு ஏற்பவே பெற்றோர் வழிகாட்ட வேண்டும் என்கிறது. இந்தியா அதை 1992இல் ஏற்றது. ஆனால் காவலர் வந்து நிற்க முடியாத இடம் வீடு. இங்கே நியாயத்தைச் செய்ய வேண்டியவர்கள் பெற்றோரும் சபையும்தான்.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. சிறு குழந்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள்; வீட்டில் தனியே விட முடியாது, பாட்டும் கதையும் அதற்கும் பிடிக்கும். பதின்வயது தொடங்கியதும் கேளுங்கள், கேட்டபின் பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள். வருகைப் பரிசை நிறுத்திவிட்டு, வேதத்தைப் பற்றி நல்ல கேள்வி கேட்ட பிள்ளைக்கு அதைக் கொடுங்கள். திடப்படுத்தலுக்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் ஐயர் பெற்றோர் இல்லாமல் தனியே சந்தித்து, வேண்டாம் என்று சொல்லலாம், அதனால் உனக்கு இங்கே எந்தக் குறையும் வராது என்று சொல்லட்டும். பட்டியல் குறையும். குறையட்டும். தானாக எழுந்து நின்ற நான்கு பேரின் ‘ஆம்’, நிறுத்தப்பட்ட நாற்பது பேரின் ‘ஆம்’ தாங்காத பாரத்தைத் தாங்கும்.