கடைப்பையன் என்ற படிமம்

காமராஜரின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் ஒரே சூத்திரம்: விருதுநகரில் மாமாவின் ஜவுளிக்கடைப் பையன், பிறகு 1964இல் பிரதமரைத் தீர்மானித்தவர். கடை இவற்றில் வெறும் ஏணிப்படி; ஏறியதும் மறக்கப்படுகிறது.

அவரோ கடையைவிட்டுக் கூட்டங்களுக்கு ஓடியவர். அதைத் தடுக்கத் திருவனந்தபுரத்து மரக்கடைக்கு அனுப்பினார்கள், அங்கும் நிற்கவில்லை. ஆனால் கடைக்காரனின் ஒரு சுபாவம் அவரிடம் தங்கிவிட்டது என்றே படுகிறது: எதிராளியைப் பேசவிட்டுத் தன் வாக்கைக் கடைசிவரை கொடுக்காதிருத்தல். 'ஆகட்டும், பார்க்கலாம்' அந்தப் பாஷைதான். நேருவுக்குப் பின் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கருத்துக் கேட்டதும் அதுவே.

அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1955இல், ஆவடி காங்கிரஸ் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. ஆவடி இருக்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டிவரை ஆலைகள் வந்துவிட்டன. அங்கே ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கு இந்நூல்கள் தருவது ஒரு சிலையும் 'நீயும் ஏறலாம்' என்ற உபதேசமும்தான்.

1967இல் விருதுநகரே அவரைத் தோற்கடித்தது. இதை ஜனங்களின் நன்றிகேடு என்று புலம்புவது எளிது. கடையை அறிந்து எழுதுபவன் அப்படிப் புலம்ப மாட்டான். வாடிக்கைக்காரன் அடுத்த கடைக்குப் போகலாம் என்பது கடைத்தெருவின் முதல் பாடம்.