எழுந்து வழிவிடும் திரை

இங்கிலாந்தின் விக்டோரியா காலத்து வரிசை வீடுகள் பலவற்றில் முன்கதவைச் சாத்தினாலும் குளிர்காற்று உள்ளே வந்துவிடும். அடியில் இடுக்கு, சாவித்துளை. போதாததற்கு 1840-இல் பென்னி தபால் வந்தபின் கதவிலேயே வெட்டத் தொடங்கிய கடிதத் துளை. துளைக்குத் தூரிகைமுடி வைப்பார்கள். இடுக்குக்கு மணல் அடைத்த துணி நாய், பார்க்கச் சற்று அசடுதான்.

எனக்குப் பிடித்தது கதவின் உட்புறம் தொங்கும் கனத்த கம்பளித் திரை. அதன் பித்தளைக் கம்பி கதவோடு சேர்ந்து திரும்பும். திறக்கையில் தானே மேலேறித் திரையைத் தூக்கும், புடவைக் கொசுவத்தைப் பிடித்தபடி படியேறுகிறவரைப் போல. மூடியதும் விளிம்பு மறுபடி தரையில் படியும். வெளியே போனவரால் உள்ளே கைவிட்டுத் திரையை இழுத்துவிட முடியாதே. அதையும் கம்பியே பார்த்துக்கொள்கிறது.