படத்தில் இடம்பெறாத மக்கள்

‘தி ரயில்வே மேன்’ என்னும் ஆங்கிலப் படம் 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. சயாம்–பர்மா ரயில் பாதையில் ஜப்பானியரின் கைதியாக இருந்து வதையுண்ட எரிக் லோமாக்ஸ் என்பார் 1995இல் வெளியிட்ட தன்வரலாறே இதற்கு மூலம். ஜோனதன் டெப்லிட்ஸ்கி இயக்கியுள்ளார்.

படத்தின் முற்பகுதி உயர்ந்தது. நடுவயது கடந்த லோமாக்ஸ் ரயில் வண்டியில் ஒரு பெண்மணியைச் சந்தித்து மணந்துகொள்கிறார். மணமான பின்னரே அவர் அலறிக்கொண்டு எழுவதையும், கேட்டால் வாய் திறவாதிருப்பதையும் மனைவி காண்கிறாள். தன் வீட்டிலேயே தனக்குத் தெரியாத போர் ஒன்று நடப்பதைக் கண்டு திகைக்கும் அவளாக நிகோல் கிட்மன் அடக்கத்தோடு நடித்திருக்கிறார். போரின் புண் அதனைப் பட்டவனோடு நில்லாமல் உடன் வாழ்வோரையும் பற்றும் என்பதை இப்பகுதி நன்கு உணர்த்துகிறது.

ஆயின், இக்கருத்துக்கு உயிரான பகுதியையே இயக்குநர் வெட்டி எறிந்துவிட்டார். லோமாக்ஸ் தாயகம் திரும்பிய 1945ஆம் ஆண்டிலேயே மணம் புரிந்தவர். பெண்மக்களும் பிறந்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய மௌனத்தைத் தாங்கியது அக்குடும்பமே. படத்திலோ அம்முதல் மனைவியும் இல்லை, மக்களும் இல்லை. காதற்கதைக்கு அவர்கள் இடையூறு என்று எண்ணினர் போலும்! தந்தை ஏன் பேசுவதில்லை என்று அறியாமலே வளர்ந்த குழந்தையைக் காட்டாமல், வழிவழி வரும் துயரை எவ்வாறு காட்டுவது?

முடிவும் இவ்வாறே திரிக்கப்பட்டுள்ளது. வதையின்போது மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகாசே தகாஷியை, லோமாக்ஸ் முன்னறிவிப்பின்றிச் சென்று கத்தியோடு எதிர்கொள்வதாகப் படம் புனைகிறது. உண்மையில், மனைவி முதலில் கடிதம் எழுதினார்; நாகாசே மறுமொழி விடுத்தார்; அதன் பின்னரே இருவரும் 1993இல் காஞ்சனாபுரியில் சந்தித்தனர். கத்தியைவிட அக்கடிதம் அன்றோ நாடகச் சுவை மிக்கது!

மலேசியத் தமிழர் இப்படத்தைக் காணுங்கால் மற்றொரு குறையும் தோன்றாமற் போகாது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1942–43இல் அமைக்கப்பட்டது. நேசநாட்டுக் கைதிகளுள் மாண்டோர் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களுக்குக் கல்லறைகள் உள, பெயர்கள் உள. ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் அவர்களினும் பன்மடங்கினர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழரே. இலவசப் படக்காட்சி என்று அழைத்து, கதவைச் சாத்தி, வந்தவர்களை ரயிலேற்றிய செய்தியும் அக்கால வரலாற்றில் உண்டு. அத்தகையோருள் பெயருடைய ஒரு பாத்திரமும் இப்படத்தில் இல்லை. 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ செய்த அதே பிழைதான். அப்படமேனும் 1950களில் எடுக்கப்பட்டது என்று பொறுத்துக்கொள்ளலாம். இதற்கு அச்சமாதானமும் இல்லை.

பிறரைக் குறை கூறி அமைதல் போதாது. ஆர். சண்முகம் 1993இல் வெளியிட்ட ‘சயாம் மரண ரயில்’ நாவல், ஆங்கிலப் படங்கள் காட்டாத அத்தொழிலாளரைத் தமிழில் நமக்குக் காட்டியது. திரும்பி வந்த பின்னர் லயத்தில் நடந்த கதையோ இன்னும் படமாகவில்லை. மாண்டான் என்று எண்ணி மனைவி மறுமணம் செய்துகொண்ட பின்னர் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. வந்தவன் கதவைத் தட்டுகிறான், வேறொருவன் திறக்கிறான், யார் வந்தது என்று அறியாத பிள்ளை எட்டிப் பார்க்கிறது. இதனைப் படமாக்கப் பாலமும் வேண்டா, வெடியும் வேண்டா.

முயல்வோர் காலந்தாழ்த்தலாகாது. சயாமுக்குப் போய் வந்தவர்கள் அநேகமாக மறைந்துவிட்டனர். அவர்கள் மக்களும் முதுமை எய்திவிட்டனர். தோட்டமாயிருந்த பத்து காவானில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. லயத்துக் காட்சிக்கு வேறிடம் தேட வேண்டியிருக்கும்.