அறுவடைத் தாளும் ஆட்டு மந்தையும்

ஐந்திணையைக் கரும்பலகையில் வரையுங்கால் நாம் கோடுகளை அடிக்கோல் வைத்தே இழுக்கின்றோம். முல்லைக்கு ஒரு கட்டம், மருதத்திற்கு ஒரு கட்டம். பயிற்சிக் கல்லூரியில் யான் கற்றதும், ஐந்தாம் படிவ மாணவர்க்கான மாலை வகுப்பில் பல்லாண்டுகளாகக் கற்பித்ததும் இம்முறையே. திணை மயங்கலாம், ஆயின் நிலம் மயங்குதல் இல்லை என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. இலக்கியத்திற்கு அவ்விதி பொருந்தும். வாழ்விலோ, ஆயனும் உழவனும் பகை கொள்வது நிலம் மயங்கும் இடத்திலேதான். அப்பகையை நேர்நின்று பாடிய மிகப் பழைய இலக்கியங்களுள் ஒன்று சுமேரிய மொழியில் உள்ளது.

ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் களிமண் பலகைகளில் எழுதப்பட்ட பாட்டு அது. இனான்னா என்னும் தேவியை மணக்க இருவர் போட்டியிடுகின்றனர். எங்கிம்து உழவன், துமுசி ஆயன். உடன்பிறந்தானாகிய உத்து ஆயனையே மணக்கச் சொல்கின்றான். அவள் உள்ளம் உழவனை நாடுகின்றது. துமுசி சினம் கொள்கின்றான். உழவன் கரிய ஆடை ஈந்தால் தான் கரிய ஆட்டை ஈவதாகவும், அவன் மது வார்த்தால் தான் பால் வார்ப்பதாகவும் பண்டத்திற்குப் பண்டம் நிறுத்துக் காட்டுகின்றான். வாதம் போலத் தோன்றும் இவ்வரிசை உண்மையில் ஒரு சந்தைப் பட்டியலே. ஒருவனிடம் உள்ளது மற்றவனுக்கு வேண்டுவது.

பின்னர்த் துமுசி தன் மந்தையை ஆற்றங்கரைக்கு ஓட்டி வந்து எங்கிம்துவை வம்புக்கு இழுக்கின்றான். எங்கிம்து போருக்கு எழவில்லை. கரைப் புல்லை மேயட்டும், என் அறுவடைத் தாளிலும் மேயட்டும், என் கால்வாயில் குட்டிகள் நீர் அருந்தட்டும் என்கின்றான். மணவிழாவிற்குக் கோதுமையும் பயறும் கொணர்வதாகவும் வாக்களிக்கின்றான். தமிழகத்தில் அறுவடைக்குப் பின் வயலில் கிடை மறிப்பதைக் கண்டோர்க்கு இதன் நுட்பம் விளங்கும். தாள் ஆட்டிற்கு உணவு. புழுக்கை வயலுக்கு உரம்.

எனினும் இப்பாட்டை முழுதும் புகழ என் மனம் இசையவில்லை. விட்டுக்கொடுப்பவன் பெண்ணை இழந்தவன். நட்புக் கொண்டாடுபவன் வென்றவன். புலவர் ஆயன் பக்கமே நிற்கின்றார். உழவனின் உள்ளத்தில் எஞ்சியது யாது என்பதற்கு ஓர் அடியும் இல்லை.

விவிலியத்தின் ஆதியாகமம் வேறு வழியிற் செல்கின்றது. அங்கு உழவனாகிய காயீனின் காணிக்கை ஏற்கப்படவில்லை. ஆயனாகிய ஆபேலின் காணிக்கை ஏற்கப்படுகின்றது. வயல்வெளியில் தம்பி கொலையுண்கின்றான். நிலம் இனிப் பலன் தாராது என்னும் சாபம் பெற்று, உழவனே நாடோடியாகின்றான். இவ்விடத்துக் கதையின் ஆற்றல் பெரிது. ஆயினும் தாளும் கால்வாயும் மேய்ச்சலும் இக்கதையில் இல்லை. ஒரு காணிக்கை ஏன் தள்ளப்பட்டது என்பதும் வெளிப்படக் கூறப்படவில்லை.

நைசீரியாவின் நடுப்பகுதியில் புலானி ஆயர்க்கும் உழவர்க்கும் நிகழும் மோதல்களைக் காயீன்-ஆபேல் பகையென உரைப்போர் உளர். அவ்வுவமை காரணத்தை மறைத்துவிடுகின்றது. கோடையில் மாடுகள் தெற்கே வந்து தாளை மேய்ந்து உரமிட்டுச் சென்ற வழக்கம் அங்கும் இருந்தது. ஆற்றுப் பள்ளங்களில் இறைப்பு எந்திரம் வைத்துக் கோடைப்பயிர் இட்டபின், தாள் நிற்கும் காலம் குறுகியது. மாட்டு வழிகளும் உழப்பட்டன. பெனுவே மாநிலம் 2017இல் திறந்தவெளி மேய்ச்சலைச் சட்டத்தால் தடுத்தது. 2018 சனவரியில் அங்கே தாக்குதல்களில் மாண்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் அடக்கம் செய்யப்பட்டனர். யாருடைய தாள், யாருடைய கால்வாய், எந்த மாதம் என்று வினவ நமக்குத் துணையாவது சுமேரியப் பாட்டேயன்றிக் காயீன் கதையன்று.

பாட்டு சிறியது, ஒரு பாடவேளைக்குள் அடங்கும். பயிற்சி ஆசிரியர்க்கு அதன் பொருளை ஒருமுறை எடுத்துரைத்தேன். எங்கிம்து ஏன் விட்டுக்கொடுத்தான் என்பதே அவர்கள் கேட்ட முதல் வினா. மணி அடிக்கும்வரை அதற்கு இருவர் ஒத்த விடை கூறவில்லை.