ஊழலின் வேர்களும் ஒரு கானா நாவலும்

சுதந்திரம் பெற்ற நாடுகளிலே ஊழல் தழைப்பதேன்? ஆட்சியாளரின் ஒழுக்கக்கேடே காரணம் என்பது எளிதான விடை. கானா எழுத்தாளர் அயி குவேய் ஆர்மா 1968ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'அழகியோர் இன்னும் பிறக்கவில்லை' என்னும் நாவலை இவ்விடைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். நாம் அதனை இன்னும் ஊன்றிப் படித்தல் வேண்டும்.

கதைநாயகனுக்குப் பெயரில்லை, புகையிரதப் பகுதியில் அவன் ஓர் எழுதுவினைஞன். மரங்களை ஏற்றிச் செல்லப் பெட்டி கிடைக்க உதவுமாறு மர வியாபாரி ஒருவன் இலஞ்சம் நீட்டுகிறான், இவன் மறுக்கிறான். வீட்டிலே அதற்காக ஏளனம் காத்திருக்கிறது. பள்ளித் தோழன் கூம்சனோ, சோஷலிசம் பேசும் மந்திரி. மீன்பிடிப் படகொன்றைப் பிறர் பெயரில் வாங்க முனைபவன்.

இச்சித்திரத்தைக் கண்டு இடதுசாரிகள் முகஞ்சுளிக்கத் தேவையில்லை. குவாமே நிக்ருமா ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவர். எனினும், 1961 செப்டெம்பரில் செக்கொண்டி - தக்கொராடிப் புகையிரத, துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்தம் தலைவர்களைச் சிறையிட்டதும் அவரது ஆட்சியே. ஓர் உண்மையைக் கூறி மற்றதை மறைப்பது முற்போக்காகாது.

ஆனால், அந்த மரங்கள் எங்கே செல்கின்றன? இக்கேள்வியை ஆர்மா தொடரவில்லை. பொன்னையும் மரத்தையும் துறைமுகத்திற்கு இழுத்துவரவே பிரித்தானியர் அவ்விருப்புப்பாதையை அமைத்தனர். 1957இல் கொடி மாறிற்று. பாதையின் திசை மாறவில்லை. கொக்கோவை விளைவித்தவன் கானா விவசாயி. விலையை வகுத்தது வெளிநாட்டுச் சந்தை. 1965இல் அவ்விலை பெருவீழ்ச்சி கண்டது. 1966 ஜனவரியில் திறக்கப்பட்ட அக்கொசொம்போ அணையின் மின்சாரத்திற் பெரும்பங்கு, தேமாவில் அமெரிக்கக் கம்பனிகள் நிறுவிய அலுமினிய உருக்காலைக்கென ஒதுக்கப்பட்டது. அவ்வாலையோ, கானா மண்ணில் பொக்சைட் இருக்கவும் வெளிநாட்டு மூலப்பொருளையே உருக்கிற்று. உற்பத்தியின் பயன் வெளியே பாயும் நாட்டில், உள்ளூர்ச் செல்வம் சேர்க்கும் குறுக்குவழியாக அரசாங்கப் பதவி அமைந்துவிடுகிறது. கூம்சன்கள் தோன்றும் களம் இதுவே. இது அவர்களின் குற்றத்தைக் குறைப்பதன்று. குற்றத்தின் முழு உருவைக் காட்டுவது.

1966 பெப்ரவரி 24இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிற்று. அதன் பின்னும் பொலிஸ்காரன் பஸ் சாரதியிடம் கைநீட்டுவதை நாவலின் இறுதியிலே காண்கிறோம். ஆள் மாறுவதால் அமைப்பு மாறாது என்பதை இதனினும் கூர்மையாகச் சொல்லுதல் அரிது. ஆயினும், நாயகனின் எதிர்ப்பு தன் கைகளைத் தூய்மையாய்க் காப்பதோடு நின்றுவிடுகிறது. அத்தொழிலாளர் 1961இல் காட்டிய கூட்டுச் சக்தி அவனை இயக்கும் ஆற்றலாக வளரவில்லை. நாவலின் பலவீனம் இங்கேதான் உளது.

1992ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பின்னர் தேர்தல்களால் அங்கு ஆட்சிகள் மாறியுள்ளன. ஆயினும் 2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடன்களிற் பெரும்பாலானவற்றின் தவணையை நிறுத்திவைத்த கானா, அவ்வாண்டிலேயே மீண்டும் சர்வதேச நாணய நிதியத்தை நாடியிருந்தது. நேர்மையான எழுதுவினைஞன் நமது மதிப்புக்குரியவன். ஆனால் அவனைத் தனியே நிற்கவிடும் சமுதாயத்தில், அவனது நேர்மை அவனை மட்டுமே காக்கும்; நாட்டைக் காவாது.